'ஒன்றுமில்லை' என்னும் சொல்

நம் அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் 'ஒன்றுமில்லை' என்பதும் ஒன்று. விழுந்த குழந்தையை வாரி எடுத்து, முழங்காலைத் தடவிக்கொடுத்துத் தாய் அதைச் சொல்லும்போது அது ஆறுதல். அஞ்சி நடுங்கி நிற்பவரிடம் ஆய்வு முடிவைக் காட்டி மருத்துவர் அதைச் சொல்லும்போது அது நல்ல செய்தி. ஆனால் அதே சொல், துன்பத்தைச் சுமந்து வந்து நிற்பவனின் முகத்துக்கு நேராகச் சாத்தப்படும் கதவாகவும் ஆகிவிடுகிறது. 'எனக்கு வலிக்கிறது' என்று ஒருவன் சொல்லும்போது, 'உனக்கு வலிக்கவில்லை' என்று சொல்லும் உரிமையை மற்றவனுக்கு யார் தந்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் நூல்களிலிருந்து எடுத்து வரவில்லை. நம் பங்கு இல்லத்தின் வாசற்படியிலேயே அது நம்மை வந்து சந்தித்தது.

போச்சம்பள்ளி வட்டாரத்தை அறிந்தோர் அதன் இரு முகங்களையும் அறிவர். ஒருபுறம் மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள், வாரச்சந்தை. மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் நெடிய கூரைகள், நள்ளிரவில் ஆள் ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பிழைப்புக்குப் போகும் பெங்களூரில் கன்னடம் என்று மும்மொழிக்கு நடுவே வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அத்தகைய குடும்பத்துத் தாய் ஒருவர் தம் மகனோடு நம்மிடம் வந்தார். மகனுக்கு வயது இருபத்து நான்கு. வாரத்துக்கு ஒருமுறை மாறும் ஷிப்ட் வேலை. ஆறு மாதமாக உறக்கமில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கைகால் குளிர்ந்துபோகும், 'இதோ செத்துவிடப் போகிறேன்' என்னும் அச்சம் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் அடங்கும். பிறகு, அடுத்தது எப்போது வருமோ என்னும் அச்சம் நாள் முழுவதும் தொடரும்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். முதலாமவர் இ.சி.ஜி. எடுத்து, 'ஒன்றுமில்லை, வாயு' என்றார். இரண்டாமவர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். மூன்றாமவர் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. "வேலைக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறான். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றாராம். அந்தத் தாய் இதைச் சொன்னபோது அழவில்லை. தம்மையே குற்றவாளியாகக் கருதுவோர் பேசும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அன்று நாம் என்ன செய்தோம்? ஐந்து மணிக்கு ஓர் அடக்கச் சடங்கு இருந்தது. மகனின் தலைமேல் கைவைத்து ஆசீர் வழங்கினோம். "செபியுங்கள் அம்மா, ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் கேட்ட நான்காவது 'ஒன்றுமில்லை' நம்முடையது.

பன்னிரண்டு நாள் கழிந்து ஒரு நள்ளிரவில், சாவதென்று முடிவு செய்து வீட்டைவிட்டு வெளியேறிய மகனைத் தாய் பின்தொடர்ந்து ஓடித் தடுத்து அழைத்து வந்தார். காலையில் செய்தி அறிந்து நாம் சென்றபோது, அந்த இளைஞன் நம் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாமி, எல்லாருமே ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னீங்க. அப்ப நான்தான் ஒண்ணுமில்லாதவன்னு தோணிப்போச்சு."

நோயை மறுப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவனோ தன்னையே மறுத்ததாக எடுத்துக்கொண்டான். அவன் எடுத்துக்கொண்டது தவறென்று நம்மால் சொல்ல முடியவில்லை.

முதலில் இதன் அறிவு சார்ந்த பிழையைப் பார்ப்போம். 'சோதனையில் ஒன்றும் தெரியவில்லை' என்பது ஒரு கூற்று. 'ஒன்றுமில்லை' என்பது வேறொரு கூற்று. பாரூர் ஏரியில் பெரிய கண்ணி வலையை வீசியவன், சிறு மீன் அகப்படவில்லை என்பதற்காக ஏரியில் சிறு மீனே இல்லை என்று முடிவு கட்டலாமா? இ.சி.ஜி. என்பது இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவி. அந்த இளைஞனைப் பிடித்திருந்தது பீதித் தாக்கம் என்று மருத்துவம் பெயரிடும் நோய். நெருப்பு இல்லாதபோதே உடலின் அபாய மணி அடித்துவிடுகிறது. நெஞ்சு உண்மையிலேயே துடிக்கிறது, வியர்வை உண்மையிலேயே வழிகிறது, அச்சமும் உண்மை. நெருப்பு மட்டுமே இல்லை. 'நெருப்பு இல்லை' என்று சொல்வது சரி. 'மணி அடிக்கவில்லை' என்று சொல்வது பொய்.

மருத்துவராகத் தொடங்கி மெய்யியலாளராக மாறிய கார்ல் யாஸ்பர்ஸ், 1913இல் வெளியிட்ட உளநோயியல் நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டை வலியுறுத்தினார். காரணங்களைக் கொண்டு ஒன்றை விளக்குவது ஒரு வழி. மனிதன் தன் உள்ளத்தில் எதை அனுபவிக்கிறான் என்பதை அவன் சொல்லக் கேட்டுப் புரிந்துகொள்வது மற்றொரு வழி. உடைந்த எலும்பை எக்ஸ்ரே படமே காட்டிவிடும். உடைந்த உள்ளத்தைக் காட்டும் படம் எதுவும் இல்லை. அங்கே நோயாளியின் சொல்லே படம். அதைக் கேட்க மறுக்கும் மருத்துவர், படத்தைப் பார்க்காமலே தீர்ப்பெழுதுகிறார்.

அறிவுப் பிழைக்கு அப்பால் ஓர் அறப்பிழையும் இருக்கிறது. சொல்பவர் யார் என்பதைப் பார்த்து, அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதும் ஓர் அநீதியே என்று மிராண்டா பிரிக்கர் என்னும் ஆங்கிலேய மெய்யியலாளர் 2007இல் எழுதினார். இது நமக்குப் புதிதன்று. ஏழை சொன்னால் மிகைப்படுத்துகிறான் என்கிறோம். பெண் சொன்னால் பதற்றம் என்கிறோம். இளைஞன் சொன்னால் சோம்பல் என்கிறோம். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து உண்பவர் சொன்னாலோ, கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். நாம் அறிந்த ஒரு பெண்மணி பல ஆண்டுகளாக மனநோய்க்கு மருந்து உண்டு நலமாக வாழ்ந்து வந்தார். ஒருநாள் கடும் வயிற்றுவலி. மருந்துச் சீட்டைப் பார்த்ததும், 'இதுவும் மனசுதான்' என்று சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை குடல்வால் வெடிக்கும் நிலையில் அறுவை மேசைக்குப் போனார். உடல்நோயைத் தேடி எதுவும் காணாதபோது 'ஒன்றுமில்லை' என்கிறார்கள். மனநோய் இருப்பது தெரிந்துவிட்டால் 'எல்லாமே மனசுதான்' என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கண்டுகொள்ளப்படாத உடல்நோய்கள் அதற்கு ஒரு பெரும் காரணம்.

திருவிவிலியம் இந்த அநீதியை அறிந்திருக்கிறது. சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில், சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் அன்னா மனமுடைந்து வேண்டுகிறார். உதடுகள் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. வாயிற்படியில் அமர்ந்திருந்த குரு ஏலி அவரைக் குடிவெறியில் இருப்பவர் என்று முடிவு செய்து கடிந்துகொள்கிறார். வெளித்தோற்றத்தைக் கண்டு உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதியவர் அங்கே மருத்துவர் அல்லர், குரு என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் ஏலியின் கதை அதோடு முடியவில்லை. தாம் குடிக்கவில்லை, துயரம் மிகுந்தவள் என்று அன்னா மறுமொழி சொன்னபோது, அவர் அதைக் கேட்டார். தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அமைதியோடு போகும்படி வாழ்த்தினார். அதன்பின் அன்னா உணவு உண்டார், அவர் முகம் வாடியிருக்கவில்லை என்று நூல் குறிக்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே முகம் தெளிந்துவிட்டது! நம்பப்படுவதே ஒரு மருந்து என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

மாற்கு நற்செய்தியாளர் இரத்தப்போக்குள்ள பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, பல மருத்துவர்களிடம் அவர் துன்பப்பட்டதையும், கைப்பொருளெல்லாம் செலவழித்ததையும், நோய் முற்றியதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தப் பெண் தம் உண்மை முழுவதையும் கூட்டத்தின் நடுவே சொல்லி முடிக்கும்வரை இயேசு நின்று கேட்டார். அவசரமாக அழைத்துச் செல்ல யாயிர் அருகிலேயே காத்திருந்தபோதும் கேட்டார். அன்று நமக்கு ஐந்து மணி அடக்கச் சடங்கு பெரிதாய்த் தெரிந்ததை நாம் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

கேட்கப்படாத நோயாளிகளின் வரலாறு நெடியது. மருத்துவமனைகளின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித இறை யோவான், 1539ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் கிரனாதா நகரில் பித்தர் என்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, அக்கால வழக்கப்படி சிகிச்சை என்ற பெயரில் சாட்டையடி பெற்றவர். வெளியே வந்ததும், நோயாளிகளை மனிதராக நடத்தும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார்.

நம் மாநிலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். எங்கே போவது என்று அறியாத பெற்றோரும் உடன்பிறந்தோருமே. இதை வேறொரு சமயத்தாரின் குறையாகச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. நம் திருத்தலங்களின் முற்றங்களிலும் இப்படிக் கொண்டுவந்து விடப்பட்டோரை நாம் கண்டிருக்கிறோம். மருத்துவமனையின் கதவு சாத்தப்படும்போது, மந்திரிப்போரின் கதவு திறக்கிறது.

இவ்விடத்தில் மருத்துவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்வதே நேர்மை. 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் செலவிடும் நேரத்தை ஒப்பிட்டது. சுவீடனில் இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள். வங்காள தேசத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவேயில்லை என்றும் கண்டது. ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நம் நாட்டில் இல்லை. வெளிநோயாளர் பிரிவின் வரிசை வாசலைத் தாண்டி நீளும்போது, 'ஒன்றுமில்லை' என்பது பல நேரங்களில் கல்நெஞ்சின் சொல்லன்று. களைத்த மனிதனின் சொல். ஆயினும் களைப்பு ஒரு விளக்கமாகலாமேயன்றி, நியாயமாகாது. இரண்டு நிமிடங்கள் மிகக் குறைவு. ஆனால் தலை நிமிர்ந்து ஒருமுறை முகத்தைப் பார்க்க அவை போதும்.

அப்படிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வுக்குப் பின் 1984இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும்வரை அவர்களுக்காகவே வாழ்ந்தார். நாடு கைவிட்டோரின் சொல்லுக்கு ஒரு வாழ்நாள் முழுவதும் காது கொடுக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'நோயாளி சொல்வதையெல்லாம் நம்பிவிட்டால் ஒவ்வொரு சோகமும் நோயாகிவிடாதா? மாத்திரை வியாபாரம் அன்றோ பெருகும்?' நியாயமான அச்சமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீர் நோயன்று, அது அன்பின் மறுபக்கம். ஆனால் துன்பத்தை நம்புவது வேறு, அத்துன்பத்துக்கு நோயாளி சொல்லும் காரணத்தை ஏற்பது வேறு. 'எனக்கு இதயநோய்' என்று அந்த இளைஞன் சொன்னது தவறு. 'என்னால் தாங்க முடியவில்லை' என்று சொன்னது உண்மை. நல்ல மருத்துவர் முன்னதை மறுத்துப் பின்னதை ஏற்றிருப்பார். 'உன் இதயம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் நீ படும் துன்பம் மெய். அதன் வேரைத் தேடுவோம்.' மூன்று சிறு வாக்கியங்கள். அவை சொல்லப்பட்டிருந்தால் அந்த நள்ளிரவு நேர்ந்திராது என்றே நாம் நம்புகிறோம். திருவள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனை அடுத்தே வைத்தார்.

வேறு சிலர் இது மன உறுதியின்மை என்பர். விசுவாசக் குறைவு என்றும் பாவம் என்றும் சொல்வோர் நம்மிடையே இன்னும் உண்டு. எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்தபோது, வானதூதர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் நீரும் தந்து மீண்டும் உறங்கவிட்டார். தன்னுயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அந்தத் தடையை நீக்கியது. 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு, கடுமையான உளக்கோளாறும் துயரமும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கற்பித்தது. திருச்சபையே தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள முடியுமானால், ஒரு பங்குத்தந்தைக்கும் ஒரு மருத்துவருக்கும் அது இழுக்காகுமா?

நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. சமூக ஒழுக்கத்துக்கோ சமய நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாதவர் என்பதற்காக ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்றது. சேவையில் குறை கண்டால் முறையிடும் உரிமையையும் தந்தது. சலுகை கேட்பவராக அல்ல, உரிமை உடையவராகவே நாம் மருத்துவமனைக்குள் நுழைகிறோம்.

ஆகவே, அலட்சியத்தைச் சந்திக்கும் குடும்பங்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உறக்கமும் பசியும் எப்படி, எந்த வேலை நின்றுபோயிற்று. 'மனசு சரியில்லை' என்பதைவிட 'பதினைந்து நாளாக இரண்டு மணி நேரமே தூங்குகிறான்' என்பது மருத்துவரின் காதில் விழும். சாகும் எண்ணம் வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். தனியே போகாதீர்கள், பதறாமல் பேசக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 'ஒன்றுமில்லை' என்றால் பணிவோடு கேளுங்கள்: 'இந்தச் சோதனையில் எந்த நோய் இல்லை என்று தெரிகிறது ஐயா? அப்படியானால் இது வேறு என்னவாக இருக்கலாம்? மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா?' தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். ஆதலால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுகளையும் முடிவுகளையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் போவது நன்றிகேடு அன்று. ஆனால் உண்டுவரும் மருந்தைச் சொந்த முடிவில் திடீரென நிறுத்தாதீர்கள். எங்கே போவதென்று தெரியாதபோது 14416 என்னும் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இரவும் பகலும், தமிழிலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அந்த இளைஞனைக் கிருஷ்ணகிரிக்கு நாமே அழைத்துச் சென்றோம். அரசு மருத்துவமனையின் நெரிசலுக்கு நடுவே ஒரு மனநல மருத்துவர் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எப்பயிருந்து தம்பி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வீட்டுப் பேச்சான தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தான். மருத்துவர் தடுக்கவில்லை. மாத்திரைகளும் ஆலோசனையும் தொடர்ந்தன. சான்றிதழ் காட்டிப் பகல் ஷிப்டு மட்டும் வாங்கிக்கொண்டான். முழுக்க நலமடைந்துவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். நல்ல நாள்களும் கெட்ட நாள்களும் மாறி மாறி வருகின்றன. கெட்ட நாளில் யாரிடம் சொல்வது என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

அவன் தாய் ஒருநாள் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஏன் சாமி முதல்லயே சொல்லல?" அதில் குற்றச்சாட்டு இல்லை. அறிய விரும்பும் எளிய கேள்விதான். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய், "ஐயோ, ஒண்ணுமில்ல சாமி" என்றார்.

திருப்பலி நேரங்கள் எழுதிய பலகையின் கீழே இப்போது 14416 என்னும் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறது. மாலை வேளைகளில் யாரேனும் வந்து தயங்கி நின்று, 'சாமி, மனசு ஒரு மாதிரியா இருக்கு' என்று சொன்னால், ஆசீருக்குக் கையை உயர்த்துமுன் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். அந்த மருத்துவரிடம் கற்ற கேள்வியையே கேட்கிறோம்: "எப்போதிருந்து?"